டிரிப்பர் விழுகிறதா, குழாயில் ஷாக் அடிக்கிறதா? வீட்டு ஒயரிங் கோளாறுகளை அறிகுறி வைத்துக் கண்டுபிடிப்பது

ஐப்பசி பிறந்து நாலு மழை விழுந்தால் போதும், விடிவதற்குள் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "அண்ணே, டிரிப்பர் நிக்கவே மாட்டேங்குது. தூக்கிவிட்டா மறுபடி விழுது." பாதிப் பேர் அதற்குள் பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டு, ஆர்சிசிபியைக் கழற்றி நேராக இணைத்திருப்பார்கள். அதற்கப்புறம்தான் எனக்குப் போன் வரும், "இப்ப கரன்ட் இருக்கு, குழாய்லதான் லேசா ஷாக் அடிக்குது" என்று.

இருபது வருடமாக இதே கோளாறுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துவருகிறேன். அதனால் அறிகுறி வாரியாக எழுதிவைக்கிறேன். செலவில்லாத காரணம் முதலில் வரும், கை கடிக்கும் காரணம் கடைசியில். எந்த இடத்தில் நீங்கள் நிறுத்திக்கொண்டு வயர்மேனைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

ஒரு சின்ன விளக்கம். டிபி பாக்ஸில் (வீட்டுக்குள் கரன்ட்டைப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி) டெஸ்ட் என்று பட்டன் இருப்பதுதான் ஆர்சிசிபி. ஊரில் டிரிப்பர் என்பார்கள், பழைய ஆட்கள் இஎல்சிபி என்பார்கள். கரன்ட் எங்காவது கசிந்தால் அது விழும். அதன் பக்கத்தில் வரிசையாக இருப்பவை எம்சிபி. அவை லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ விழும். எது விழுந்தது என்று பார்க்காமலே "டிரிப் ஆயிடுச்சு" என்று சொல்பவர்கள்தான் அதிகம். முதலில் அதைப் பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

கையில் ஒரு டெஸ்டர், காலில் காய்ந்த ரப்பர் செருப்பு, ஒரு டார்ச். மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. மீட்டர், அதற்கு முன்னால் உள்ள சர்வீஸ் ஒயர், மின்வாரியத்தின் கட்டவுட் (அவர்கள் ஃபியூஸ் கட்டை), சீல் எதிலும் கை வைக்காதீர்கள். அது அவர்கள் எல்லை. மீட்டருக்குப் பிறகு உள்ளதுதான் நம் பொறுப்பு.

ஆர்சிசிபி விழுகிறது

வீட்டுக்கு வைப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. கசிவு 30 வந்தால் கட்டாயம் விழ வேண்டும். 15-ஐத் தாண்டினாலே விழலாம், அது பழுது இல்லை. தமிழ்நாட்டில் புது இணைப்பு வாங்க இந்தச் சாதனம் பொருத்தியிருக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையமே விதி போட்டிருக்கிறது. ஆகவே கழற்றிப் போடுவது என்ற பேச்சே வேண்டாம்.

*ஏதோ ஒரு பொருளைப் போட்டால் மட்டும் விழுகிறது*

பெரும்பாலும் கீசர், வாஷிங் மெஷின், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், பிரிட்ஜ், போர் மோட்டார், இவற்றில் ஒன்றாக இருக்கும். கண்டுபிடிக்கும் வழி எளிது. வீட்டில் உள்ள எல்லா பிளக்கையும் உருவி விடுங்கள். சுவிட்சை ஆஃப் செய்தால் போதாது. சுவிட்ச் துண்டிப்பது லைனை (கரன்ட் வரும் ஒயர்) மட்டும்தான், நியூட்ரல் (கரன்ட் திரும்பிப் போகும் ஒயர்) அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். "எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டேன், அப்பவும் விழுது" என்று சொல்பவர்கள் பத்துக்கு எட்டுப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

உருவிய பிறகு ஆர்சிசிபி நின்றால், ஒவ்வொன்றாகச் சொருகி ஆன் செய்யுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதுதான் ஆள். ஆனால் ஒரு தரம் விழுந்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள். அதே பொருளை வேறு அறையில் வேறு பிளக் பாயின்ட்டில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் விழுந்தால் பொருளில் கோளாறு, கடைக்கு அனுப்புங்கள். கீசர் என்றால் அநேகமாக எலிமென்ட் போயிருக்கும், சில நூறு ரூபாய் சமாச்சாரம். எந்தப் பெரிய லோடைப் போட்டாலும் விழுகிறது என்றால் பொருள்களை விட்டுவிட்டு அடுத்ததைப் படியுங்கள்.

*எல்லா எம்சிபியையும் இறக்கிய பிறகும் விழுகிறது*

பலரைக் குழப்பும் கோளாறு இது. எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. வீட்டு டிபியில் எம்சிபி பெரும்பாலும் ஒற்றைத் துருவம், லைனை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் எல்லாம் ஒரே லிங்கில் (ஒயர்களைச் சேர்த்து முடுக்கும் உலோகக் கட்டை) கூடிக் கிடக்கும். அதனால்தான் எம்சிபியை இறக்கினாலும் கோளாறு போகாது.

இதன் இன்னொரு முகம்: அயர்ன் பாக்ஸ் போட்டால் விழும், கழற்றிப் பார்த்தால் அதில் ஒரு குறையும் இருக்காது. கோளாறு வேறு அறையில் இருக்கும். பெரிய லோடு ஓடும்போது நியூட்ரல் கரன்ட்டில் ஒரு பங்கு அந்தத் தொடுப்பு வழியாக எர்த்துக்குப் போகிறது, அவ்வளவுதான்.

எங்கே தேடுவது? என் அனுபவத்தில் வரும் வரிசை இது. முதலில் பிளக் பாயின்ட்டுக்குப் பின்னால் எர்த் ஒயரின் உரித்த நுனி நியூட்ரல் டெர்மினலில் சாய்ந்திருக்கும். பிறகு, படம் மாட்ட அடித்த ஆணியோ, அலமாரி மாட்ட டிரில் போட்ட ஓட்டையோ சுவருக்குள் பைப்பைத் துளைத்திருக்கும். "சமீபத்தில் யாராவது சுவத்துல ஓட்டை போட்டாங்களா?" என்பது நான் முதலில் கேட்கும் கேள்வி. இதெல்லாம் இல்லையென்றால் எலி கடித்த ஒயர், தண்ணீர் இறங்கிய ஜங்ஷன் பாக்ஸ்.

உறுதிசெய்ய, மெயினை இறக்கி, லிங்கிலிருந்து நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த்துக்கு மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ஆர்சிசிபியை மட்டும் இறக்கினால் அதன் மேல்பக்க டெர்மினல்களில் கரன்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே இது வயர்மேன் வேலை. அவர் 500 வோல்ட் மெக்கர் என்ற மீட்டர் வைத்து இன்சுலேஷனையும் (ஒயரின் தோல் கரன்ட்டைத் தடுக்கும் அளவு) பார்த்துவிடுவார். ஒரு மெகா ஓம்முக்குக் கீழே காட்டினால் அந்த லைனை இழுத்து மாற்றுவது நல்லது.

*மழை பெய்தால் விழுகிறது, வெயில் அடித்தால் சரியாகிவிடுகிறது*

வெளியே போகும் லைன்தான். கேட் விளக்கு, காலிங் பெல் சுவிட்ச், மொட்டை மாடி விளக்கு, போர் மோட்டார் ஸ்டார்ட்டர் பாக்ஸ், தோட்டத்து பிளக். கேட் தூணில் உள்ள விளக்கைத் திறந்து பாருங்கள், உள்ளே எறும்புப் புற்றும் தண்ணீரும் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். காயவைத்து மூடினால் அடுத்த மழைக்கு மறுபடி விழும். தண்ணீர் புகாத பெட்டியாக மாற்றி, ஒயர் கீழ்ப்பக்கமாக நுழையும்படி செய்தால்தான் தீரும். போர் மோட்டார் என்றால் கிணற்றுக்குள் கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் ஏறியிருக்கலாம். மோட்டாரைத் தூக்க ஆள், கூலி எல்லாம் சேர்த்து இந்தப் பட்டியலிலேயே அதிகச் செலவு அதுதான். மற்றது எல்லாம் பார்த்த பிறகு கடைசியாக அதற்குப் போங்கள்.

*காரணமே தெரியாமல் வாரத்துக்கு ஒரு தரம் விழுகிறது*

ஏசி, கம்ப்யூட்டர், டிவி, வாஷிங் மெஷின் என்று எலெக்ட்ரானிக்ஸ் கூடிய வீடுகளில் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் கசியும். அது பழுது இல்லை, அவற்றின் இயல்பு. எல்லாம் சேர்ந்து 15 மில்லி ஆம்பியரை நெருங்கினால் ஆர்சிசிபி எப்போது வேண்டுமானாலும் விழும். லோடை இரண்டாகப் பிரித்து இரண்டு ஆர்சிசிபி போட்டால் தீர்ந்தது. 100 மில்லி ஆம்பியர் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது தீ விபத்துக்கான காவல், ஆளைக் காப்பாற்றும் அளவு அல்ல.

*இன்வெர்ட்டர் மாட்டிய நாளிலிருந்து விழுகிறது*

இன்வெர்ட்டர் ஆள் அவசரத்தில் லைனை ஆர்சிசிபிக்கு முன்னாலும் நியூட்ரலைப் பின்னாலும் எடுத்திருப்பார், அல்லது நேர்மாறாக. போன வழியில் திரும்பி வராத கரன்ட்டைப் பார்த்தால் ஆர்சிசிபி விழத்தான் செய்யும். லைன், நியூட்ரல் இரண்டும் ஒரே பக்கத்திலிருந்து வரும்படி மாற்றச் சொல்லுங்கள். அரைமணி நேர வேலை. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: கரன்ட் போய் பேட்டரியில் ஓடும்போது, மெயினில் இருக்கும் ஆர்சிசிபி இன்வெர்ட்டர் லைனைக் காக்காது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்வெர்ட்டர் அவுட்புட்டுக்கு என்று தனியாக ஒன்று வைக்கச் சொல்கிறேன்.

குழாயையோ பொருளின் உடம்பையோ தொட்டால் சுர்ரென்கிறது

முதலில் மெயினை இறக்குங்கள். காரணம் தேடுவது அப்புறம். "லேசாத்தான் அடிக்குது" என்பது காய்ந்த கையின் கணக்கு. ஈரக் கையோடு, வெறுங்காலோடு, குளியலறைத் தரையில் நிற்கும்போது அது லேசாக இருக்காது.

கீசர் பிளக்கை உருவிவிட்டு (நேரடி இணைப்பு என்றால் அதன் இரட்டைத் துருவ சுவிட்சை இறக்கிவிட்டு) மெயினைப் போடுங்கள். உலோகக் குழாயில் டெஸ்டர் வையுங்கள். எரியவில்லை என்றால் கீசர்தான். பிளாஸ்டிக் பைப்தானே போட்டிருக்கிறோம் என்று நினைக்காதீர்கள், தண்ணீர் வழியாகவே வரும்.

அப்போதும் எரிந்தால் வாஷிங் மெஷின், மோட்டார் என்று ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். உங்கள் மெயினை முழுதாக இறக்கிய பிறகும் குழாயில் டெஸ்டர் எரிகிறது என்றால் கசிவு உங்கள் வீட்டில் இல்லை. அடுக்குமாடியில் மேல் வீட்டு கீசர் கீழ் வீட்டுக் குழாயில் அடிப்பது சகஜம். எல்லார் வீட்டிலும் மெயினை ஒவ்வொன்றாக இறக்கித்தான் பிடிக்க வேண்டும். சண்டை வரும், பரவாயில்லை.

கசிவு ஒரு பக்கம் இருக்கட்டும். எர்த் சரியாக இருந்தால் உங்களுக்கு ஷாக்கே அடித்திருக்கக் கூடாது. அதனால் இந்த அறிகுறி வந்தால் எப்போதும் இரண்டு கோளாறு என்று எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் உடம்பிலோ கம்ப்யூட்டர் பெட்டியிலோ ஊசி குத்துவதுபோல் இருந்தால், அநேகமாக எர்த் மட்டும்தான் இல்லை. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் சொருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

எர்த் பார்க்க: மல்டிமீட்டரில் லைனுக்கும் நியூட்ரலுக்கும் 230 காட்டினால், லைனுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட்தான் இருக்கலாம். பிளக் பாயின்ட்டை நேரே பார்த்தால் மேலே தடித்த ஓட்டை எர்த், வலது கை பக்கம் லைன், இடது பக்கம் நியூட்ரல். மீட்டர் சரியாகக் காட்டினாலே எர்த் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. ஒரு நூலிழைத் தொடர்பு இருந்தால்கூட மீட்டர் 230 காட்டும். வயர்மேன்கள் லைனுக்கும் எர்த்துக்கும் 100 வாட் குண்டு பல்பு போட்டுப் பார்ப்பார்கள். அதை நீங்கள் செய்ய வேண்டாம். எர்த் அறுந்திருந்தால் அந்த பல்பு வழியாக வீட்டில் உள்ள எல்லாப் பொருள்களின் உடம்பிலும் கரன்ட் ஏறிவிடும்.

எர்த் போவதற்கான காரணங்கள் பெரும்பாலும் அற்பமானவை. குழியில் கிளாம்ப் துருப்பிடித்து ஒயர் கழன்றிருக்கும். பெயின்ட் அடிக்கும்போது ஒயரை வெட்டி ஓரமாக ஒதுக்கியிருப்பார்கள். சித்திரை, வைகாசியில் குழி வறண்டிருக்கும், நாலு குடம் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும். குழி வீணாகிவிட்டால் புதிதாக இரண்டரை மீட்டர் பைப் இறக்க வேண்டும், அதுதான் செலவு.

போன வருடம் ஒரு புது வீட்டில் பிளக் பாயின்ட்டைக் கழற்றினேன். ஒரு அங்குல ஒயர்த் துண்டு, நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு. எர்த் ஒயர் இழுக்கும் காசை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். மீட்டரில் பார்த்தால் எல்லா அளவும் அருமையாக வரும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் பிரிட்ஜின் கைப்பிடியில் 230 வோல்ட் நிற்கும். லோடு ஓடும்போதும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே துளிகூட வோல்ட் காட்டவில்லை என்றால் இதைச் சந்தேகப்படுங்கள்.

வீட்டுக்கு வெளியே: துணி காயப்போடும் கொடிக்கம்பியை மின்கம்பத்திலோ ஸ்டே கம்பியிலோ கட்டியிருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். நைலான் கயிறு இருபது ரூபாய்.

விளக்கு ஒன்று பளீரென்று எரிகிறது, இன்னொன்று மங்குகிறது

மெயினை இறக்குங்கள். உடனே. மீதியை இருட்டில் படியுங்கள்.

மூன்று பேஸ் வரும் வீட்டில் நியூட்ரல் கழன்றால், ஒரு அறையில் 100 வோல்ட், இன்னொரு அறையில் 350 என்று தாறுமாறாகப் பிரியும். டிவி, பிரிட்ஜ், எல்இடி எல்லாம் சில நிமிடங்களில் போய்விடும். ஒற்றை பேஸ் வீட்டில் மொத்த வீடும் பளீரிட்டு, பக்கத்து வீட்டிலும் அதே கதை என்றால் கம்பத்தில் நியூட்ரல் போயிருக்கிறது. நம்மால் ஆவது ஒன்றுமில்லை. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்குப் போன் செய்து "நியூட்ரல் கட்" என்று சொல்லுங்கள். "கரன்ட் சரியில்ல" என்று மொட்டையாகச் சொல்வதைவிட வேகமாக ஆள் வருவார்கள்.

தெருவில் எல்லார் வீடும் நன்றாக இருந்து உங்கள் வீட்டில் மட்டும் என்றால், உங்கள் மெயின் சுவிட்சிலோ நியூட்ரல் லிங்கிலோ ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். வயர்மேனுக்கு ஐந்து நிமிட வேலை. வோல்டேஜ் சரியானதா என்று பார்க்க, 230-க்கு ஆறு சதவீதம் மேலும் கீழும், அதாவது சுமார் 216-லிருந்து 244 வரை இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் தம்பி ஒன்று உண்டு: எதுவுமே ஓடவில்லை, ஆனால் பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறது. "டபுள் கரன்ட் வருது" என்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. நியூட்ரல் அறுந்து, ஆன் செய்திருக்கும் ஏதோ ஒரு பொருள் வழியாக லைன் திரும்பி வருகிறது.

எம்சிபி விழுகிறது

தூக்கியதும் டப்பென்று விழுந்தால் ஷார்ட். மறுபடி மறுபடி தூக்கிப் பார்க்காதீர்கள். அந்த லைனில் உள்ள பிளக்குகளை உருவி, ஒரே ஒரு முறை தூக்குங்கள். நின்றால் ஏதோ ஒரு பொருள், நிற்காவிட்டால் ஒயர் அல்லது ஹோல்டர், ஆளைக் கூப்பிடுங்கள்.

பத்து, இருபது நிமிடம் ஓடிய பிறகு விழுந்தால் லோடு அதிகம். 2,000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும், 2,000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பும் அதே அளவு. இரண்டும் ஒரே 16 ஆம்பியர் லைனில் இருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றைத் தனி லைனுக்கு மாற்றுவதுதான் வழி. 16-ஐக் கழற்றி 32 போட்டால் எம்சிபி நிற்கும், சுவருக்குள் இருக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர்தான் வேகும்.

லோடு குறைவுதான், ஆனால் எம்சிபி தொட்டால் சுடுகிறது என்றால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. ஏசி ஸ்டார்ட் ஆகும் நொடியில் மட்டும் விழுந்தால் பி டைப் மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அதற்கு, ஸ்டார்ட் ஆகும் நொடியில் கூடுதலாக இழுக்கும் கரன்ட்டைத் தாங்கும் சி டைப் வேண்டும்.

பிளக் சுடுகிறது, கருகல் வாடை வருகிறது

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், சுத்த சைவம், இரண்டு நாளாகக் கருவாட்டு வாடை என்று பக்கத்து வீட்டோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வாடை வந்தது அந்தச் சைவ வீட்டின் சொந்தச் சமையலறை சுவிட்ச் போர்டிலிருந்து. பிளாஸ்டிக் சூடாகி வேகும்போது அப்படித்தான் மீன் வாடை அடிக்கும். மீன் வாங்காத வீட்டில் மீன் வாடை வந்தால் போர்டுகளைத் தொட்டுப் பாருங்கள், கையின் பின்புறத்தால்.

முதல் காரணம், 16 ஆம்பியர் பொருளை மல்டி பிளக் வைத்து 6 ஆம்பியர் பாயின்ட்டில் போடுவது. அதை எடுத்துவிட்டாலே போதும். அடுத்தது, உள்ளே பிடிப்பு தளர்ந்த பாயின்ட். பிளக் தொளதொளவென்று ஆடினால் மாற்றிவிடுங்கள். மூன்றாவது, பின்னால் ஒயர் ஸ்க்ரூ தளர்வு. ஒயரின் தோல் கறுத்து மொறுமொறுவென்று உடைந்தால், பாயின்ட்டை மாற்றுவதோடு கறுத்த பகுதி முழுவதையும் வெட்டி எறிய வேண்டும். மிச்சம் ஒயர் எட்டவில்லை என்றால் டேப் சுற்றி ஒட்டுப்போடாமல் புதிதாக இழுக்கச் சொல்லுங்கள்.

சுவிட்ச் ஆஃப் செய்தும் எல்இடி மினுக் மினுக்

இண்டிகேட்டர் உள்ள சுவிட்ச் என்றால் பயமில்லை, அந்தக் குட்டி விளக்கு வழியாக வருவதுதான். இண்டிகேட்டர் இல்லாமலும் மினுங்கினால், சுவிட்ச் லைனில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கலாம். அப்படியானால் ஆஃப் செய்த பிறகும் ஹோல்டரில் கரன்ட் இருக்கும். ஆஃப் செய்துவிட்டு ஹோல்டர் ஒயரில் டெஸ்டர் வைத்தால் தெரிந்துவிடும். பழைய வீடுகளில் நிறைய. பல்பு மாற்றும்போது ஷாக் அடித்தது என்ற கதைகளில் பாதி இதுதான். இரண்டு ஒயரை இடம் மாற்றும் வேலை, ஆனால் மெயினை இறக்கிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை.

டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழவில்லை

மாதம் ஒரு தரம் அழுத்திப் பாருங்கள். மாதத்தின் முதல் தேதியோடு சேர்த்து வைத்துக்கொண்டால் மறக்காது. கரன்ட் இருக்கும்போது அழுத்த வேண்டும், இல்லாதபோது அழுத்திவிட்டு "வேலை செய்யல" என்று போன் செய்கிறார்கள். விழவில்லை என்றால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை, ரிப்பேர் கிடையாது. விழுந்தால் ஆர்சிசிபி நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், எர்த்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. லைனையும் நியூட்ரலையும் இரண்டு கையால் பிடித்தால் ஆர்சிசிபி உங்களை ஒரு பல்பு என்றுதான் நினைக்கும், விழாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மாற்ற வருபவரிடம் மின் உரிம வாரியம் தந்த வயர்மேன் தகுதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மாற்றி முடித்ததும், பழையதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, புதியதன் பட்டனை அவர் கண்முன்னால் அழுத்துங்கள். பத்து வருடமாக ஒரு தரம்கூட விழாத "நல்ல" டிரிப்பர் ஒன்றை நான் கழற்றியபோது, உள்ளே வரும் ஒயரும் வெளியே போகும் ஒயரும் அதைத் தொடாமலே பின்னால் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தது.